இரு வித்தை கற்ற மந்திரவாதி

என் கதையில் ஒரு மந்திரவாதி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வாள்வீச்சும் தெரியும் என்று நான் எழுதிவிட்டால், தெரிந்ததுதான். "இவன் எந்தக் குருவிடம் எத்தனை வருஷம் வாள் பழகினான்? அந்த வருஷங்களில் மந்திர அப்பியாசம் என்ன ஆயிற்று?" என்று யாரும் வந்து என்னைக் கணக்குக் கேட்கப்போவதில்லை. டோல்கீன் 1954-லும் 1955-லும் வெளியிட்ட பெரிய நாவலில் காண்டால்ஃப் என்ற கிழவர் ஒரு கையில் மந்திரக்கோலும் மறு கையில் வாளுமாக வருகிறார். அதைப் படித்து முகம் சுளித்தவர்களை நான் கண்டதில்லை. பேனாவில் மை இருக்கும் வரையில் பாத்திரங்களுக்கு வித்தைகளை வாரி வழங்கலாம். எழுத்தாளனுக்கு இருக்கும் சொற்பச் சௌகரியங்களில் இது ஒன்று.

இந்தச் சௌகரியம் செல்லாத ஒரு கதையுலகம் இருக்கிறது. அங்கே மந்திரவாதி வாளைத் தொட்டால் விலை கொடுத்தாக வேண்டும். என்ன விலை, எந்த நாணயத்தில், எப்போது கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி ஐம்பது வருஷங்களுக்கு மேலாகத் தீராத வழக்கு நடந்து வருகிறது. சாம்ராஜ்யங்களின் சரித்திரத்தைப் போல இதுவும் ஒரு சரித்திரம்தான். ரத்தம் சிந்தவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சிற்றூர். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர் இன்ஷூரன்ஸ் உத்தியோகத்தில் இருந்தார். 1970-ல் அந்த வேலை போயிற்று. வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து செருப்புப் பழுது பார்த்துக் குடும்பத்தை நடத்தினார். ஆனால் மனசு முழுவதும் வேறிடத்தில் இருந்தது. சின்னஞ்சிறு பொம்மைச் சிப்பாய்களை மேஜைமேல் அணிவகுத்து, பகடை உருட்டி, பழைய காலத்து யுத்தங்களை நடத்துவதில் அவருக்குப் பித்து. 1971-ல் ஜெஃப் பெர்ரன் என்பவரோடு சேர்ந்து 'செயின்மெயில்' என்ற யுத்த விளையாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். அதன் கடைசிப் பக்கங்களில், சரித்திர வீரர்கள் போதாதென்று, டிராகன்களையும் மந்திரவாதிகளையும் சேர்த்துவிட்டார்.

வழக்கின் வித்து இங்கேதான் விழுந்தது. யுத்த விளையாட்டில் மந்திரவாதி எதற்குச் சமானம்? அந்தப் புத்தகத்தில் அவன் எறியும் நெருப்புக் கோளத்துக்குக் கோட்டைகளைத் தகர்க்கும் பெரிய கவண்பொறியின் அளவு கொடுக்கப்பட்டிருந்தது. இந்த விளையாட்டுகளின் மந்திரவாதி மனிதனாகப் பிறக்கவில்லை, பீரங்கியாகப் பிறந்தான் என்று சொன்னால் தவறில்லை. பின்னால் வந்தவர்கள் அந்தப் பீரங்கிக்குக் கைகால் வைத்து, பெயர் வைத்து, நாலு சிநேகிதர்களோடு நடக்க விட்டார்கள். பக்கத்தில் நடப்பவன் கையில் வெறும் வாள். இருவரும் சமமாக இருக்க வேண்டுமாம்!

நடக்க விட்டதில் பெரும் பங்கு மினஸோட்டா மாகாணத்து டேவ் ஆர்னெஸனுக்கு உண்டு. படையை நடத்துவதற்குப் பதிலாக, ஆட வருபவர்கள் ஆளுக்கு ஒரு மனிதனாகவே இருக்கட்டும் என்ற யோசனையை அவர் தம் நண்பர்களிடையே நடத்திப் பார்த்தார். கைகாக்ஸும் ஆர்னெஸனும் சேர்ந்து 1974-ம் ஆண்டில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். முதல் பதிப்பு 1,000 பிரதிகள்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் சூத்திரதாரி. குகை எங்கே இருக்கிறது, உள்ளே என்ன பதுங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவர் மனசில் இருக்கும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்பார் ஒருவர். உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஜயித்து வந்தால் அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் சேர்ந்தால் பாத்திரம் ஒரு படி ஏறும், பலம் கூடும். இந்த ஆட்டத்தில் ஒருவர் தோற்று மற்றவர் ஜயிப்பது கிடையாது. எல்லாரும் ஒரே கட்சி.

ஒரே கட்சி என்றால் சமநிலையைப் பற்றி இவ்வளவு சண்டை எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வாரத்தில் ஒரு சாயங்காலம், ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு நாலு சிநேகிதர்கள் கூடுகிறார்கள். மூன்று மணி நேரம் ஆடுகிறார்கள். அதில் ஒருவருடைய பாத்திரமே எல்லாப் பூதங்களையும் கொன்று எல்லாப் பூட்டுகளையும் திறந்துவிட்டால், மற்ற மூவரும் கச்சேரி கேட்க வந்தவர்களாகிறார்கள். ஒருவருடைய பாத்திரம் எதற்கும் உதவாமல் போனால், அந்த மனிதர் மூன்று மணி நேரமும் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வாரம் அவருக்குத் தலைவலி வந்துவிடும். அதற்கடுத்த வாரம் மைத்துனர் ஊரிலிருந்து வந்துவிடுவார். சிநேகிதக் கூட்டங்கள் கலைவது பெரும்பாலும் இப்படித்தான்.

1974-ல் தொழில்கள் மூன்றே: வீரன், மந்திரவாதி, பூசாரி. பீரங்கியை மற்றவர்களுக்குச் சமானமாக்குவதற்குச் செய்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது. குத்துவாளைத் தவிர ஆயுதம் கிடையாது. முதல் படியில் நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். அதையும் காலையில் உருப்போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். உச்சரித்த மறுகணம் நெஞ்சிலிருந்து அழிந்துவிடும். இந்த விசித்திரமான மறதி ஜாக் வான்ஸ் என்ற நாவலாசிரியர் 1950-ல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' புத்தகத்திலிருந்து கைகாக்ஸ் எடுத்துக்கொண்டது. ஆரம்பத்தில் மந்திரவாதி சவலைப் பிள்ளை. வீரன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். படிகள் ஏற ஏற நிலைமை தலைகீழாகும். வாங்கிய கடனை முதிர்ந்த வயசில் வட்டியோடு தீர்க்கிற மாதிரி.

இந்த ஒப்பந்தத்தில் விழுந்த முதல் ஓட்டை, எல்ஃப். ஐரோப்பியக் கதைகளில் வரும் வனத்து ஜாதி அது. நம் கந்தர்வர்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வில்லும் வாளும் ஏந்துவார்கள், மாயமும் செய்வார்கள். கதையில் அப்படி இருக்கையில் ஆட்டத்தில் மறுக்க முடியுமா? ஆகவே எல்ஃப் வீரனாகவும் இருக்கலாம், மந்திரவாதியாகவும் இருக்கலாம் என்று விதி செய்தார்கள். ஒவ்வொரு சாகசத்துக்கும் புறப்படுமுன் இன்றைக்கு எந்தத் தொழில் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது. அதோடு வீரத்தில் நாலாம் படிக்கு மேலும் மந்திரத்தில் எட்டாம் படிக்கு மேலும் எல்ஃப் ஏற முடியாது. மனிதனுக்கு இந்தத் தடை இல்லை.

1978-ல் ஆட்டத்தின் பெரிய புத்தகம் வந்தபோது இன்னும் தாராளமாகிவிட்டார்கள். எல்ஃப் முதலிய மற்ற ஜாதிகள் இரண்டு தொழில்களையும் ஒரே சமயத்தில் நடத்தலாம். கிடைக்கும் புள்ளிகளைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது அல்லவா? பாதிப் பாதி உழைப்பு, பாதிப் பாதிப் பலன். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சமாசாரம் வெளியாகும்.

அந்தப் புத்தகத்தின் அட்டவணையில் ஒவ்வொரு படிக்கும் தேவையான புள்ளி, முந்தின படிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டாம் படிக்கு வீரனுக்கு 2,001, மூன்றாவதற்கு 4,001, நாலாவதற்கு 8,001, இப்படிப் போகிறது. இனி மூன்று பேர் ஆளுக்கு 82,000 புள்ளி சம்பாதித்ததாகக் கொள்வோம். வீரத்தையே தொழிலாகக் கொண்டவன் ஏழாம் படியில் இருப்பான். மந்திரத்தையே தொழிலாகக் கொண்டவனும் ஏழாம் படியில் இருப்பான். இரண்டையும் நடத்திய எல்ஃப் ஆளுக்கு 41,000 என்று பங்கிட்டால் எங்கே இருப்பான்? வீரத்தில் ஆறு, மந்திரத்திலும் ஆறு! கல்லூரியில் இரண்டே வருஷம் உட்கார்ந்த எனக்குக்கூட இந்தக் கணக்கு விளங்கிவிட்டது. மேலே போகப் போகப் படிகளின் விலை இரட்டித்துக்கொண்டே போகும் சந்தையில், பாதிப் பணம் வைத்திருப்பவன் ஒரு படிதான் பின்தங்குவான். அந்த ஒரு படியைக் கொடுத்து முழுசாக இன்னொரு வித்தையை வாங்கிவிட்டான் எல்ஃப்.

இதற்குத் தடையாக அவர்கள் நம்பியிருந்தது அந்த உச்சவரம்பைத்தான். புதுப் புத்தகத்தில் எல்ஃப் வீரத்தில் அதிகபட்சம் ஏழாம் படியோடும், மந்திரத்தில் பதினோராம் படியோடும் நின்றாக வேண்டும். மனிதர்களே இந்த உலகத்தின் மையம், அவர்களே இறுதியில் தலையெடுக்க வேண்டும் என்பது கைகாக்ஸின் வாதம். எனக்கு இந்த நியாயம் ருசிக்கவில்லை. பதினோராம் படிக்குப் போய்ச் சேர எத்தனை சாயங்காலம் ஆட வேண்டும்! அதற்குள் ஒருவருக்கு உத்தியோக மாற்றல் வரும்; ஒருவருக்குக் கல்யாணம் ஆகும். மகாவீரனான எல்ஃபிடம் ஆட்டம் சொல்கிறது: "இப்போது அனுபவி, விலையை நாங்கள் எல்லாரும் பிரிந்துபோன பிறகு கொடு." கடன் கொடுத்தவன் கதிதான் மற்ற ஆட்டக்காரர்களுக்கு.

மனிதனுக்கு மட்டும் அதே புத்தகத்தில் வேறு விதி இருந்தது. இந்தச் சரித்திரம் முழுவதிலும் என் மனசைத் தொட்டது அதுதான். மனிதன் இரண்டு தொழிலை ஒரே சமயத்தில் நடத்தக் கூடாது. ஒன்றை விட்டுத்தான் மற்றதற்குப் போகலாம். முதல் தொழிலுக்குரிய குணத்தில் குறைந்தது 15-ம், புதுத் தொழிலுக்குரிய குணத்தில் குறைந்தது 17-ம் இருந்தாலொழிய அதுவும் கிடையாது. 18-தான் சாதாரணமாக எட்டக்கூடிய உச்சம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். போனபின் முதல் படியிலிருந்து ஆரம்பம். அது மட்டுமல்ல. புதுத் தொழிலில் பழைய படியைத் தாண்டுகிற வரையில் பழைய வித்தையைத் தொடக் கூடாது. தொட்டால் அந்தச் சாகசத்தில் புதுத் தொழிலுக்குப் புள்ளி ஒன்றும் கிடையாது.

ஐந்தாம் படி வீரன் ஒருவன் வாளை உறையில் போட்டுவிட்டு மந்திரம் கற்கப் போகிறான். குகைக்குள் இருக்கிறான். காலையில் உருப்போட்ட ஒரே மந்திரமும் செலவாகிவிட்டது. எதிரே பூதம். பத்து வருஷம் கூடவே இருந்த வாளின் பிடி எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியும். உருவினால் உயிர் பிழைக்கலாம். ஆனால் இத்தனை நாள் பட்ட பாடு வீண். நாற்பது வயசில் உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சங்கீதம் கற்கப் போனவர், கஷ்டம் வரும்போதெல்லாம் பழைய ஆபீஸ் வாசலைப் பார்ப்பாரே, அந்தப் பார்வையை இந்த விதியை எழுதியவர் எங்கேயோ கண்டிருக்க வேண்டும். ஒரு நாவலுக்கான கரு அப்படியே கிடக்கிறது.

நாவலுக்கு நல்லது, மேஜைக்கு நல்லதா? நாவலில் அந்தக் கஷ்ட காலத்தை இரண்டு அத்தியாயத்தில் முடித்துவிடலாம். மேஜையில் அந்த ஆசாமி வாரக்கணக்கில் சும்மா இருந்தாக வேண்டும். நான் மேலே சொன்ன தலைவலியும் மைத்துனரும் வந்துவிடுவார்கள்.

1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த ஏற்பாடுகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. 1997-ல் கைகாக்ஸ் தொடங்கிய கம்பெனியை 'விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்ற கம்பெனி விலைக்கு வாங்கிற்று. 2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. அது ஒரு புரட்சி. ஜாதித் தடைகள் ஒழிந்தன, உச்சவரம்பு ஒழிந்தது. யாரும் எந்தத் தொழிலையும் எந்தப் படியிலும் எடுத்துக்கொள்ளலாம். எத்தனையாவது படி என்பதற்கு எல்லாத் தொழில்களையும் கூட்டி ஒரே கணக்கு. விலையும் இரட்டிப்பதை நிறுத்தி, சீராக ஏறிற்று: முதல் படியிலிருந்து இரண்டாவதற்கு 1,000, பத்திலிருந்து பதினொன்றுக்கு 10,000.

வீரனும் திருடனுமாக இருக்க விரும்பியவர்களுக்கு இது கொண்டாட்டம். வீரத்தில் கற்ற குறியும் திருட்டில் கற்ற குறியும் ஒன்றோடொன்று கூடிக்கொண்டன. அடிபட்டவன் மந்திரவாதி. மந்திரங்களுக்குத் தரம் உண்டு. (இங்கே மூன்றாந்தரம் என்றால் மட்டம் என்று அர்த்தமல்ல, முதல் தரத்தைவிட மூன்றாந்தரம் உசத்தி.) பத்தாம் படி மந்திரவாதி ஐந்தாந்தர மந்திரம் போடுவான். மந்திரத்தில் ஐந்து படியும் பூசாரித் தொழிலில் ஐந்து படியும் ஏறியவனுக்கும் கூட்டினால் பத்துதான். ஆனால் அவனுக்கு இரண்டு பக்கமும் மூன்றாந்தரத்துக்கு மேல் எட்டாது. அவனுடைய நெருப்புக் கோளத்துக்கு ஐந்து பகடை, மற்றவனுடையதற்குப் பத்து. ஐந்து மாடியில் இரண்டு வீடு கட்டியவனுக்குப் பத்தாம் மாடிக் காற்று வருமா? பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் பாட்டிமார் சொல்வதை அமெரிக்காவில் அட்டவணை போட்டு நிரூபித்துவிட்டார்கள். எல்ஃபுக்கு இருபது வருஷத்துக்கு மேல் கொடுத்த சலுகைக்கு இப்போது பழிவாங்கியதைப்போல இருந்தது.

2003-ல் பரிகாரம் தேடினார்கள். 'மிஸ்டிக் தியர்ஜ்' என்று ஒரு விசேஷத் தொழில். மந்திரத்தில் மூன்று படியும் பூசாரித் தொழிலில் மூன்று படியும் ஏறிவிட்டு அதற்குள் நுழைந்தால், அதன்பின் ஏறும் ஒவ்வொரு படிக்கும் இரண்டு வித்தையும் சேர்ந்தே வளரும். பத்தாம் படியில் இரண்டு பக்கமும் நாலாந்தரம் கைவந்துவிடும். மற்றவனுக்கு ஒரு பக்கம் மட்டும் ஐந்தாந்தரம். காகிதத்தில் பார்த்தவர்கள் இது அநியாயம், அவனுக்கு இரண்டு மூட்டை மந்திரம் என்று கூச்சலிட்டார்கள். ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் சூட்சுமம் புரிந்தது. மூட்டை இரண்டானாலும் வாய் ஒன்றுதானே! சண்டையில் ஒவ்வொருவருக்கும் முறை வரும். ஒரு முறைக்குச் சாதாரணமாக ஒரு மந்திரம். எதிரி விழுவதற்குள் நாலு முறை வந்தால் அதிகம். அந்த நாலு முறையும் அவன் நாலாந்தரத்தை எறிவான், பக்கத்தில் இருப்பவன் ஐந்தாந்தரத்தை எறிவான். மிச்சமிருக்கும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நுழைவதற்கு முந்தின அந்த ஆறு படிகளில் பட்ட அவஸ்தை தனி.

2008-ல் வந்த நாலாம் பதிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லாத் தொழில்களையும் ஒரே அச்சில் வார்த்தார்கள். இரண்டாவது தொழிலை இலையோரத்தில் ஊறுகாய் வைக்கிற மாதிரி கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம் என்றார்கள். சமநிலை இருந்தது, காரம் போய்விட்டது. அந்த வருஷம் மார்ச் மாதம் கைகாக்ஸ் காலமானார். மறு வருஷம் ஏப்ரலில் ஆர்னெஸனும் போய்விட்டார்.

2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தது. இதுவரை செய்த தீர்ப்புகளில் இதுவே புத்திசாலித்தனமானது என்பது என் அபிப்பிராயம். மந்திரவாதியிடம் இரண்டு பொருள்கள் இருக்கின்றன என்று கண்டுகொண்டார்கள்: ஒன்று அறிவு, மற்றது சக்தி. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அறைகள் எவ்வளவு பெரியவை என்பது சக்தி. எந்தெந்தச் சாமான் உங்களிடம் இருக்கிறது என்பது அறிவு. மந்திரத்தில் ஐந்து, பூசாரித் தொழிலில் ஐந்து என்று ஏறியவனுக்குப் பெட்டி, பத்தாம் படிக்காரனுடைய பெட்டியேதான். ஐந்தாந்தரத்துக்கான பெரிய அறைகளும் அதில் உண்டு. ஆனால் அவற்றில் போடுவதற்கு அவனிடம் மூன்றாந்தரச் சாமான்தான் இருக்கிறது. போட்டால் வீண்போகாது: சாதாரணமாக எட்டுப் பகடை பலமுள்ள நெருப்புக் கோளம் ஐந்தாந்தர அறையிலிருந்து வந்தால் பத்துப் பகடை பலம் பெறும். ஆகவே சண்டையில் அவன் கைகட்டி நிற்கவில்லை. ஆனால் உயர்ந்த மந்திரங்கள் உண்டே, எதிரே கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்புவது, ஒரு வட்டம் கீறி நூறு காதம் தாண்டிப் போவது, அவையெல்லாம் அவனுக்கு இல்லை. இரண்டு வித்தை கற்றவன் பலவீனன் ஆவதில்லை. சில கதவுகள் மட்டும் அவனுக்குத் திறப்பதில்லை. மேஜையில் அவனுக்கும் வேலை இருக்கிறது, மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது.

வழக்கு இதோடு தீர்ந்திருக்கும், வார்லாக் என்ற ஒரு பேர்வழி இல்லாமலிருந்தால். அவன் பேயோடு பிசாசோடு உடன்படிக்கை செய்துகொண்டு மந்திரம் பெற்றவன். அவனுடைய பெட்டி தனி. பொதுக் கணக்கில் சேராது. அறைகள் சொற்பம். ஆனால் மற்றவர்களுக்கு இரவு முழுவதும் ஓய்வெடுத்தால்தான் பெட்டி நிரம்பும். இவனுக்கு ஒரு மணி நேரம் சற்றே சாய்ந்து உட்கார்ந்தால் போதும். ஸார்ஸரர் என்று இன்னொருவன்: பிறவியிலேயே மந்திரம் உடையவன். அவனால் தன் அறைகளை உடைத்துச் சில்லறையாக்கவும், சில்லறையைச் சேர்த்துப் புது அறை செய்துகொள்ளவும் முடியும். அப்படிச் செய்த புது அறைகள் இரவு ஓய்வு முடிந்ததும் கலைந்துவிடும்.

இவ்விரண்டு தொழிலையும் ஒருவனே எடுத்துக்கொண்டால்? ஒரு மணி நேரம் உட்கார வேண்டியது. நிரம்பியதைச் சில்லறையாக்கி அறை செய்துகொள்ள வேண்டியது. மறுபடி உட்கார வேண்டியது. மற்றவர்கள் தூங்கும் எட்டு மணி நேரத்தில் எட்டுத் தடவை. ஒரே நிபந்தனை, தூங்கிவிடக் கூடாது. தூங்கினால் சேர்த்ததெல்லாம் போய்விடும். தூங்காமலேயே நாள்கணக்கில் மந்திரத்தைக் குவித்துக்கொண்டு போகும் இந்தப் பாத்திரத்துக்கு ஆட்டக்காரர்கள் காபியின் பெயரையே சூட்டிவிட்டார்கள். கும்பகோணத்துக்காரர்கள் யாராவது அந்த மேஜையில் இருந்திருந்தால் டிகிரி காபி என்று திருத்தியிருப்பார்கள்.

2017-ல் வந்த ஓர் அனுபந்தப் புத்தகத்தில், விருப்பமுள்ள சூத்திரதாரிகள் கையாளலாம் என்று ஒரு விதி சேர்த்தார்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை முழு ஓய்வு எடுக்காதவன் பகடை உருட்ட வேண்டும். எண் பத்துக்குக் குறைந்தால் களைப்பு ஒரு படி ஏறும். மறுநாளும் ஓய்வில்லை என்றால் எட்ட வேண்டிய எண் பதினைந்து. அதற்கு மறுநாள் இருபது. களைப்பின் ஆறாவது படி மரணம். அதே புத்தகத்தில் வார்லாக்குகள் பெறக்கூடிய புது வரங்களின் ஜாபிதா இருக்கிறது. அவற்றில் ஒன்றைப் பெற்றவனுக்குத் தூக்கமே தேவையில்லை.